60 கோடி டர்ன்ஓவர் பம்ப் கம்பெனி: டேலியை விட்டு ஏஐ உள்ள கிளவுட் ஈஆர்பிக்கு இப்போதே மாறலாமா?

கோவை_மோட்டார்:

வணக்கம். கோவையில் பம்ப், மோட்டார் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் ஆபரேஷன்ஸ் பார்க்கிறேன். வருட டர்ன்ஓவர் 60 கோடி சுற்றி இருக்கும். சப்மெர்சிபிள், மோனோபிளாக் இரண்டும் செய்கிறோம். கணக்கும் பில்லும் டேலி மென்பொருளில், புரொடக்‌ஷன் பிளான் எக்செல்லில், ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வேலை செய்து வாங்க வெளி யூனிட்டுக்குப் போகும் காஸ்டிங்கும் (வார்ப்பு பாகம்) ஷாஃப்டும் டிசி (டெலிவரி சலான்) புத்தகத்திலும் ஸ்டோர்ஸ் பார்க்கும் அண்ணனின் நோட்டிலும் ஓடுகின்றன.

சின்ன முதலாளி சமீபத்தில் ஒரு கண்காட்சிக்குப் போய் வந்தார். வந்ததிலிருந்து கிளவுட் ஈஆர்பி, அதாவது கணக்கு, ஸ்டோர்ஸ், உற்பத்தி எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்து இணையம் வழியாக ஓடும் மென்பொருள் வேண்டும், கூடவே அடுத்த சீசனுக்கு எந்த மாடல் எவ்வளவு போகும் என்று ஏஐ வைத்து முன்கூட்டியே சொல்லும் மாட்யூலும் வேண்டும் என்கிறார். டிசம்பர் கடைசிக்குள் லைவ் போய்விடலாம், அதாவது புது சிஸ்டத்திலேயே வேலையை ஓட்டத் தொடங்கிவிடலாம் என்று விற்பவர்கள் எழுதியே கொடுத்திருக்கிறார்கள். பெரியவரோ "இத்தனை வருஷம் டேலியில ஓடலையா, அந்தக் காசுக்கு இன்னொரு சிஎன்சி மெஷின் போடலாம்" என்கிறார். டைரக்டர் மீட்டிங்குக்குக் குறிப்பு எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது.

எங்களுக்கு உண்மையில் வலிக்கும் இடம் வேறு. பிப்ரவரியில் ஆர்டர் குவியும்போது மோட்டார் பாடி இருக்கும், உள்ளே போகும் ஸ்டாம்பிங் தகடு இருக்காது. ஸ்டாம்பிங் வந்தால் வைண்டிங் ஒயர் அளவு மாறியிருக்கும். பவுண்டரியிலிருந்து வந்து மெஷினிங்குக்குப் போன காஸ்டிங் எந்த யூனிட்டில் எத்தனை கிடக்கிறது என்று அந்த அண்ணன் லீவில் போனால் யாருக்கும் தெரியாது. டீலர் போன் செய்து "என் வண்டி எப்ப வரும்" என்று கேட்டால் ஒரு தேதி சொல்ல முடிவதில்லை. இதற்கெல்லாம் அந்த ஏஐ மாட்யூல் தீர்வா? போட்டியாளர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே மாறிவிட்டார்கள் என்ற பதற்றமும் வீட்டுக்குள் இருக்கிறது. நீங்கள் இந்த முடிவை எப்படி எடுப்பீர்கள்?

நடைமுறை:

ஈஆர்பி போடும் வேலையில்தான் பல வருடமாக இருக்கிறேன், அதனால் நான் ஈஆர்பி வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் டிசம்பர் கடைசி லைவ் என்பதை மட்டும் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பிசினஸில் ஜனவரி என்றால் சீசனுக்கு ஸ்டாக் கட்டும் மாதம். அந்த நேரத்தில் சிஸ்டம் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி கதை இருக்கிறது. 1999இல் எஸ்ஏபி, மானுஜிஸ்டிக்ஸ், சீபெல் என்று மூன்று பெரிய மென்பொருள்களை ஒரே சமயத்தில் போட்டார்கள், செலவு 11 கோடி டாலருக்கு மேல். 48 மாதம் எடுக்க வேண்டிய வேலையை 30 மாதத்தில் முடிக்க இழுத்துப் பிடித்தார்கள். லைவ் போனது ஜூலையில். அவர்களுக்கு ஹாலோவீனும் கிறிஸ்துமஸும்தான் சீசன், ஆர்டர் குவியத் தொடங்கும் நேரம் அது. கிடங்கில் சரக்கு இருந்தது, ஆனால் இருப்பது சிஸ்டத்துக்குத் தெரியவில்லை. சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியாமல் போய், அந்தக் காலாண்டு லாபம் 19 சதவீதம் இறங்கியது.

இதில் முக்கியமான விஷயம், அதே கம்பெனி 2002இல் அதே எஸ்ஏபியின் அடுத்த பதிப்புக்கு மாறியபோது எந்தக் குழப்பமும் இல்லாமல் முடித்தது. அதனால் மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. எப்போது, எத்தனை விஷயத்தை ஒன்றாக மாற்றினார்கள் என்பதில்தான் எல்லாம் இருந்தது. நீங்கள் லைவ் போவதென்றால் சீசன் முடிந்து, மழை ஆரம்பித்து, ஆர்டர் மெலியும் ஜூலை ஆகஸ்ட்தான் சரியான காலம். மார்ச் கணக்கு முடிந்திருக்கும், ஆடிட்டும் ஓரளவு ஒதுங்கியிருக்கும்.

அப்புறம் நீங்கள் சொன்ன வலி. அதைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியது, உங்களுக்கு முதலில் வேண்டியது ஐட்டம் மாஸ்டரும் (எல்லாப் பாகங்களுக்கும் ஒரே பெயர், கோட் உள்ள பட்டியல்) பிஓஎம்மும் (ஒரு மாடலுக்கு என்னென்ன பாகம் எவ்வளவு போகும் என்ற பட்டியல்). பம்புக்குள் சுழலும் ஒரே இம்பெல்லருக்கு டேலியில் ஒரு பெயர், எக்செல்லில் ஒரு பெயர், பவுண்டரிக்காரர் பில்லில் ஒரு பெயர் இருக்கும், இல்லை என்றால் ஆச்சரியப்படுவேன். இதைச் சரி செய்யாமல் எந்த ஈஆர்பியில் ஏற்றினாலும் குப்பைதான் வேகமாக ஓடும். டார்கெட் என்ற அமெரிக்க சங்கிலிக் கடை 2013 மார்ச்சில் கனடாவில் கடை திறக்க ஆரம்பித்து 133 கடை வரை போனது. அங்கேயும் புது எஸ்ஏபி. பொருட்களின் நீளம் அகலம் உயரம் இடம் மாறி ஏறியிருந்தன, சென்டிமீட்டர் வர வேண்டிய இடத்தில் அங்குலம் இருந்தது, பணத்தின் வகை கூட சில இடத்தில் தப்பு. உள்ளே போய்ச் சரிபார்த்தபோது தகவலில் 30 சதவீதம்தான் சரியாக இருந்தது என்று பின்னால் வெளிவந்தது. கிடங்கு நிரம்பி வழிந்தது, கடை அலமாரி காலியாகக் கிடந்தது. 2015 ஜனவரியில் மொத்தமாக மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். கம்பெனி தோற்றதற்கு வேறு காரணங்களும் உண்டு, விலையும் அதிகம் என்று மக்கள் நினைத்தார்கள், ஆனால் அலமாரி காலியாக இருந்தது இந்தத் தகவல் குளறுபடியால்தான்.

ஆகவே என் யோசனை, கொட்டேஷனில் கையெழுத்துப் போடாமல் வையுங்கள். அதிகம் விற்கும் மாடல்களை மட்டும் எடுத்து அவற்றின் பிஓஎம்மைத் தளத்தில் நின்று ஒவ்வொரு பாகமாகச் சரிபார்த்து எழுதுங்கள். ஒரு 5 ஹெச்பி மோட்டாருக்கு எத்தனை கிலோ ஒயர் உண்மையில் போகிறது என்பதை வைண்டிங் பிரிவில் எடை போட்டுப் பாருங்கள், காகிதத்தில் இருப்பதை நம்பாதீர்கள். இதற்கு யாருக்கும் லைசென்ஸ் காசு தர வேண்டியதில்லை. இது முடிந்த பிறகு எந்த ஈஆர்பியும் எளிது.

கணக்குப்பிள்ளை:

நடைமுறை சார் சொன்னது சரி. நான் ஆடிட் பக்கத்திலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் குறிப்பில் சட்டக் கட்டாயத்தையும் ஆசையையும் பிரித்து எழுதினால் பெரியவர் உட்கார்ந்து கேட்பார்.

உங்கள் டர்ன்ஓவர் 10 கோடிக்கு மேல் என்பதால் 2025 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு இ-இன்வாய்ஸையும் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அரசின் இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் ஏற்றியாக வேண்டும். அதை டேலியே செய்கிறது, அதற்காக ஈஆர்பி தேவையில்லை. கம்பெனி என்பதால் 2023 ஏப்ரல் முதல் கணக்கு மென்பொருளில் ஆடிட் டிரெயில், அதாவது எந்தப் பதிவை எப்போது மாற்றினார்கள் என்ற தடம், அணைக்க முடியாதபடி ஓட வேண்டும். புது மென்பொருளில் இது உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று, கிளவுட் என்று சொல்லி சர்வர் எந்த நாட்டிலாவது இருக்கலாம், ஆனால் கணக்குப் புத்தகத்தின் பேக்கப் தினமும் இந்தியாவில் இருக்கும் சர்வரில் போய்ச் சேர வேண்டும் என்பது 2022 ஆகஸ்டில் வந்த விதி. விற்பனைக்கு வருபவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்டால்தான் ஆபீஸுக்குப் போன் போட்டு விசாரிப்பார்கள்.

உங்களுக்குப் பணம் கசியும் இடம் ஜாப் ஒர்க். அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பி வராவிட்டால், அல்லது அங்கிருந்தே விற்கப்படாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாக எடுத்துக்கொண்டு ஜிஎஸ்டி வட்டியோடு வரும். மெஷின் மாதிரி கேபிடல் சரக்கு என்றால் மூன்று வருடம். டர்ன்ஓவர் 5 கோடிக்கு மேல் இருப்பவர்கள், ஜாப் ஒர்க்குக்குப் போய் வந்த சரக்கைக் காட்டும் ஐடிசி-04 என்ற ஜிஎஸ்டி படிவத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அக்டோபர் 25க்குள்ளும் ஏப்ரல் 25க்குள்ளும் போட வேண்டும். ஸ்டோர்ஸ் அண்ணனின் நோட்டை வைத்து இந்தப் படிவத்தை யார் எப்படி நிரப்புகிறார்கள் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். நான் பார்த்த பல இடங்களில் தேதி நெருங்கும்போது உட்கார்ந்து கணக்கு ஒத்துப்போகும்படி எழுதுகிறார்கள், அது பெரிய ஆபத்து.

வருமான வரியில் 43பி(எச்) என்று சொல்லப்படும் விதி பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் பவுண்டரிக்காரரும் லேத் யூனிட்காரரும் பெரும்பாலும் சிறு, குறு நிறுவனங்கள்தான். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும். அந்தக் கெடு தாண்டி மார்ச் 31இல் பாக்கி நின்றால் அந்தச் செலவு அந்த வருடத்துக் கணக்கில் கழியாது, கொடுக்கும் வருடத்தில்தான் கழியும். 2025 ஏப்ரலில் சிறு நிறுவனத்தின் வரம்பை 100 கோடி டர்ன்ஓவர் வரை உயர்த்திவிட்டதால் இந்தப் பட்டியலுக்குள் வருபவர்கள் இன்னும் கூடிவிட்டார்கள். யார் யார் உத்யம் என்ற சிறு, குறு நிறுவனப் பதிவு செய்திருக்கிறார்கள் என்ற பட்டியல் உங்களிடம் இருக்கிறதா?

அதனால் கணக்கை டேலியிலேயே விட்டுவிட்டு, ஸ்டோர்ஸ், ஜாப் ஒர்க், புரொடக்‌ஷன் மூன்றுக்கு மட்டும் ஒரு சின்ன மென்பொருள் போட்டு அதை டேலியோடு இணைப்பது உங்கள் அளவுக்குப் போதும் என்பது என் கருத்து.

ஓசூர்_லைன்:

கொஞ்சம் மாறுபடுகிறேன். மேலே சொன்னதெல்லாம் உண்மை, ஆனால் இதைப் படித்துவிட்டு பெரியவர் "அப்ப இப்போதைக்கு எதுவும் வேண்டாம்" என்று முடித்துவிடுவார், எத்தனையோ கம்பெனியில் அப்படித்தான் முடிகிறது. காத்திருப்பதற்கும் விலை உண்டு. நான் இருப்பது வாகன உதிரிபாகம். எங்களுக்கு வாடிக்கையாளரே பார்கோட் ஒட்டு, அனுப்பும் முன் தகவல் ஏற்று, இல்லையென்றால் கேட்டில் வண்டி உள்ளே வராது என்று சொல்லிவிட்டார். பம்ப் தொழிலில் அந்தக் கட்டாயம் இல்லாததால்தான் நோட்டுப் புத்தகம் இத்தனை நாள் ஓடுகிறது. அந்த அண்ணன் ஓய்வு பெறும் நாள் வரும் இல்லையா, அன்றைக்கு அவர் தலையில் இருப்பதை எங்கிருந்து எடுப்பீர்கள்?

ஏஐ பற்றி யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். டிமாண்ட் முன்கணிப்பு மாட்யூலை முதல் வருடம் வாங்காதீர்கள். உங்கள் விற்பனை எதைப் பொறுத்தது? மழை எப்படிப் பெய்தது, நிலத்தடி நீர் எவ்வளவு கீழே போனது, விவசாய மின் இணைப்பு எவ்வளவு கொடுத்தார்கள், எந்த மாநிலத்தில் சோலார் பம்புக்கு மானியம் வந்தது. இதில் ஒன்றுகூட உங்கள் டேலியில் கிடையாது. பழைய பில்லை மட்டும் வைத்துக் கணிக்கும் இயந்திரம் போன வருடத்தைத்தான் திருப்பிச் சொல்லும். ஜில்லோ என்ற அமெரிக்க வீட்டு விற்பனைத் தளம், வீட்டு விலையை நம் கணிப்பே சொல்லிவிடும் என்று நம்பி தானே வீடுகளை வாங்கி விற்க இறங்கியது. சந்தை திசை மாறியபோது கணிப்பு கூடவே மாறவில்லை, 2021 நவம்பரில் அந்தப் பிரிவையே மூடி ஊழியர்களில் கால்வாசிப் பேரை அனுப்பினார்கள். அவர்களிடம் எத்தனை தகவல் அறிவியலாளர்கள் இருந்திருப்பார்கள் என்று யோசியுங்கள்.

ஆனால் ஏஐயே வேண்டாம் என்பதும் தப்பு. டீலர்கள் வாட்ஸ்அப்பில் ஆர்டர் அனுப்புகிறார்கள் அல்லவா, பாதி தமிழ், பாதி ஆங்கிலம், சில சமயம் ஒரு துண்டுச் சீட்டின் போட்டோ. அதைப் படித்து மாடல், எண்ணிக்கை, ஊர் என்று பிரித்து ஒரு வரைவு ஆர்டராகப் போடும் வேலையை இன்றைய கருவிகள் நன்றாகவே செய்கின்றன. ஒரு ஆள் பார்த்து ஓகே கொடுத்தால் போதும். சப்ளையர் பில்லைப் படித்து ஏற்றுவதும் அப்படித்தான். தப்பு நடந்தால் உடனே கண்ணில் படும், நஷ்டம் சின்னது, திருத்த ஒரு நிமிடம். இந்த மாதிரி இடத்தில் ஆரம்பியுங்கள். வாடிக்கையாளரிடம் நேராகப் பேசும் இடத்தில் ஆள் இல்லாமல் விடாதீர்கள். ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணிக்குத் தவறான சலுகை விதியைச் சொல்ல, அது சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கம்பெனி வாதாடிப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை, பணத்தைக் கொடுக்கச் சொன்னது. ஸ்வீடனின் கிளார்னா என்ற பேமெண்ட் கம்பெனியும் 700 பேர் வேலையை ஏஐ செய்கிறது என்று 2024இல் பெருமையாக அறிவித்துவிட்டு, அடுத்த வருடம் தரம் குறைந்துவிட்டது என்று அவர்கள் தலைமை அதிகாரியே சொல்லி மறுபடியும் ஆள் எடுத்தார். உங்கள் டீலருக்கு டெலிவரி தேதியை ஒரு சாட்பாட் தப்பாகச் சொன்னால் சேலத்திலோ தாவணகெரேயிலோ ஒரு விவசாயி காய்ந்த வயலோடு கடை வாசலில் நிற்பார்.

சர்வர்ரூம்:

இங்கே எல்லோரும் எதை வாங்குவது என்று பேசுகிறீர்கள், எப்படி வெளியேறுவது என்று யாரும் கேட்கவில்லை.

கிளவுடா சொந்த சர்வரா என்பதில் பொது விடை கிடையாது. நெட்ஃபிளிக்ஸ் 2008இல் டேட்டாபேஸ் பழுதாகி மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் நின்றது, அதன் பிறகுதான் கிளவுடுக்கு மாறத் தொடங்கி 2016 ஜனவரியில் முடித்தது. ஏழு வருடத்துக்கு மேல். பேஸ்கேம்ப் என்ற மென்பொருளைச் செய்யும் 37சிக்னல்ஸ் கம்பெனியோ 2022இல் கிளவுட் பில் 32 லட்சம் டாலர் வந்ததைப் பார்த்துவிட்டு சொந்த சர்வர் வாங்கி வெளியே வந்தது. இரண்டு பேரும் எதிரெதிர் திசையில் போனார்கள், இருவருக்கும் அது பொருந்தியது, ஏனென்றால் தங்கள் வேலைச் சுமை எப்படி ஏறி இறங்கும் என்று இருவரும் கணக்குப் போட்டிருந்தார்கள். உங்கள் அளவில் சர்வர் ரூம் வைத்து ஏசி போட்டு ஒரு ஆளையும் வைத்துக்கொள்வது கட்டுப்படி ஆகாது, கிளவுடுக்கே போங்கள். ஆனால் பயனர் ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்ற கட்டணத்தை ஐந்து வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள். முதல் வருடத் தள்ளுபடி முடிந்த பிறகு என்ன விலை என்று கேளுங்கள், அதிலும் ஷாப் ஃப்ளோரில் எத்தனை பேருக்கு லைசென்ஸ் தேவைப்படும் என்பதைக் கொட்டேஷனில் எப்போதும் குறைத்தே போடுவார்கள்.

சர்வர்களுக்கான மென்பொருள் செய்யும் விஎம்வேர் கம்பெனியை 2023 நவம்பரில் பிராட்காம் என்ற கம்பெனி வாங்கியது, டிசம்பரிலேயே ஒரு முறை வாங்கி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் லைசென்ஸை நிறுத்திவிட்டு எல்லோரையும் சந்தாவுக்குத் தள்ளியது. பெரிய பெரிய கம்பெனிகளே திணறின. அதனால் ஒப்பந்தத்தில் நம் தகவல் முழுவதையும் படிக்கக்கூடிய வடிவத்தில், கூடுதல் காசு இல்லாமல், கேட்டவுடன் தர வேண்டும் என்று எழுதுங்கள். எழுதினால் மட்டும் போதாது, லைவ் போவதற்கு முன்பே ஒரு முறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

போட்டியாளர் மாறிவிட்டார் என்ற பதற்றம் பற்றி. மெர்ஸ்க் என்ற கப்பல் கம்பெனியும் ஐபிஎம்மும் சேர்ந்து கப்பல் சரக்குக்கு பிளாக்செயின் (பலரும் பகிரும் டிஜிட்டல் பதிவேடு) தளம் ஒன்றை, ட்ரேட்லென்ஸ் என்று, 2018இல் கொண்டுவந்தபோது எத்தனையோ துறைமுகமும் கப்பல் கம்பெனியும் பின்தங்கிவிடுவோமோ என்று சேர்ந்தன. 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். மற்றவர் வாங்கியது தெரியும், வாங்கிய பிறகு அவர் ஸ்டோர்ஸில் என்ன நடக்கிறது என்பது தெரியாது. முடிந்தால் அந்த இரண்டு கம்பெனியில் ஒன்றில் வேலை செய்பவரோடு ஒரு டீ குடித்துப் பேசுங்கள், டெமோவில் தெரியாதது எல்லாம் தெரியும்.

கோவை_மோட்டார்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்று ஸ்டோர்ஸில் போய் நடைமுறை சார் சொன்ன பெயர் விஷயத்தைப் பார்த்தேன், ஒரு இம்பெல்லருக்கு நான்கு பெயர் இருக்கிறது. ஐடிசி-04 பற்றிக் கேட்டதற்கு வந்த பதிலை இங்கே எழுத வேண்டாம்.

குறிப்பில் இப்படி வைக்கலாம் என்று நினைக்கிறேன். இப்போதிலிருந்து மார்ச் வரை ஐட்டம் மாஸ்டரும் பிஓஎம்மும். ஜாப் ஒர்க் கணக்கை உடனே டேலியிலேயே ஏற்றுவது. வாட்ஸ்அப் ஆர்டரை ஏஐ வைத்துப் படிப்பதை இரண்டு டீலரோடு மட்டும் சோதனை. ஈஆர்பி முடிவு ஏப்ரலில், லைவ் ஆகஸ்டில், முன்கணிப்பு மாட்யூல் இப்போது இல்லை. சின்ன முதலாளிக்கும் ஒரு திசை தெரியும், பெரியவரின் காசும் உடனே போகாது.

ஒரே சிக்கல். ஸ்டோர்ஸ் அண்ணன். 26 வருட சர்வீஸ், நல்ல மனுஷன், கம்ப்யூட்டர் வந்தால் தன்னை அனுப்பிவிடுவார்கள் என்று நினைக்கிறார். அவர் மனது வைக்காமல் எதுவும் நடக்காது. அப்புறம், எங்கள் முறைக்கு ஏற்றபடி மென்பொருளை எவ்வளவு மாற்றச் சொல்லலாம்?

நடைமுறை:

இரண்டாவது கேள்விக்கு முதலில். ஜெர்மனியின் லிடில் கடைக்காரர்கள் தங்கள் சரக்கிருப்பை வாங்கிய விலையில் மதிப்பிடுவது வழக்கம், அவர்கள் போட்ட எஸ்ஏபி மென்பொருள் விற்கும் விலையில் மதிப்பிடும். தங்கள் வழக்கத்தை விடமாட்டோம் என்று மென்பொருளை மாற்றிக்கொண்டே போனார்கள். 2011இல் ஆரம்பித்து 2018இல் 50 கோடி யூரோ சுற்றிச் செலவான பிறகு கைவிட்டார்கள். எனவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் "இது இல்லாவிட்டால் டீலருக்கு என்ன குறையும்" என்று எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாதவை எல்லாம் பழக்கம்தான், மென்பொருள் சொல்வதற்கு நீங்கள் மாறிக்கொள்ளலாம். ஜாப் ஒர்க் மட்டும் விதிவிலக்கு. ஒரு காஸ்டிங் மூன்று யூனிட் சுற்றி வரும் நம் ஊர் முறை வெளிநாட்டு மென்பொருளில் சரியாக உட்காராது, அங்கே மாற்றத்துக்குக் காசு கொடுங்கள்.

அந்த அண்ணனை ஐட்டம் மாஸ்டருக்கு முழுப் பொறுப்பாகப் போடுங்கள். எந்தப் பாகத்துக்கு எந்தப் பெயர் என்று அவர் சொல்வதுதான் முடிவு, அவர் கையெழுத்து இல்லாமல் புது ஐட்டம் கோட் திறக்கக் கூடாது. தட்டச்சு செய்ய ஒரு டிப்ளமா படித்த பிள்ளையை அவருக்குக் கீழே கொடுங்கள். அவர் வேலைக்கு ஆபத்து இல்லை என்பதை நீங்கள் சொன்னால் போதாது, பெரியவரே ஸ்டோர்ஸுக்கு இறங்கி வந்து அவரிடம் சொல்ல வேண்டும், அதுவும் கொட்டேஷன்காரர்கள் அடுத்த முறை டெமோவுக்கு வருவதற்கு முன்னால்.

கணக்குப்பிள்ளை:

ஜாப் ஒர்க்கை டேலியில் ஏற்றும்போது பழைய டிசிகளை விட்டுவிடாதீர்கள். ஒரு வருடக் கெடு நெருங்குபவற்றைத் தனியாக எடுத்து, அந்தந்த யூனிட்டில் நேரில் போய் எண்ணி, அவர்களிடம் இருப்புக் கடிதம் வாங்கி வையுங்கள். அண்ணனின் நோட்டையும் பத்திரமாக வையுங்கள், அதிகாரி கேட்டால் அதுவும் ஆதாரம்தான். உத்யம் சான்றிதழ் நகலையும் அதே பயணத்தில் கேட்டு வாங்கிவிட்டால் மார்ச்சில் ஓட வேண்டியதில்லை.